விந்துப் பரிசோதனையில் ‘பஸ் செல்ஸ்’ வந்தால் குழந்தை பிறக்காதா?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு வயது 31, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை தங்கவில்லை என்று விந்துப் பரிசோதனை செய்திருக்கிறார். கவுன்ட் (விந்தணு எண்ணிக்கை) மில்லிலிட்டருக்கு 2.2 கோடி, அசைவு 36%, பஸ் செல்ஸ் (சீழ் செல்கள்) 8–10, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஈ.கோலி என்ற குடல் கிருமி. மூன்று வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகும் பஸ் செல்ஸ் 6–8 என்று வந்திருக்கிறது. இப்போது வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “கிருமி என் விந்தணுவைக் கெடுத்துவிட்டதா? இனிமேல் சரியாகாதா?” என்று கேட்கிறார். 28 வயது மனைவிக்கு இன்னும் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. விந்துப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் பல வருடம் உட்கார்ந்தவன். உங்கள் கையில் இருப்பது போன்ற காகிதங்களைத் தயாரிப்பதுதான் என் தொழில். அந்தக் காகிதத்தை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சொட்டு விந்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் வாலாட்டி ஓடும் விந்தணுக்களோடு உருண்டையான செல்களும் தெரியும். அந்த உருண்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளை அணு. மற்றொன்று, இன்னும் வால் முளைக்காத, பாதி வளர்ந்த நிலையிலேயே வெளியே வந்துவிட்ட விந்தணுவின் முன்வடிவம். சாயம் போடாமல் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அனுபவசாலியும் தடுமாறுவார். பிரித்துக் காட்டுவதற்குப் பெராக்ஸிடேஸ் என்று ஒரு சாயப் பரிசோதனை இருக்கிறது. முக்கியமான வெள்ளை அணுக்கள் அதில் பழுப்பாகும், விந்தணு முன்வடிவங்கள் நிறம் மாறாது. அப்படிப் பழுப்பானவை மில்லிலிட்டருக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் வெள்ளை அணு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு கணக்கு வைத்திருக்கிறது. அந்தப் பத்து லட்சமும் நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்ட எல்லைதானே தவிர, அதைத் தாண்டினால் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை.

நம் ஊரில் பல லேப்கள் இந்தச் சாயத்தைப் போடுவதில்லை. லென்ஸில் ஒரு பார்வைக்கு எத்தனை உருண்டை தெரிகிறது என்று எண்ணி, எல்லாவற்றையும் ‘பஸ் செல்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். சொட்டு கொஞ்சம் தடிமனாக விழுந்தாலே எண்ணிக்கை ஏறிவிடும். ஆகவே உங்கள் 8–10 என்ன செல், எவ்வளவு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத எண். மூன்று வாரத்தில் அது 6–8 ஆனது முன்னேற்றமும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒருவேளை அவை விந்தணு முன்வடிவங்களாக இருந்தால், உலகத்தில் உள்ள எந்த ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டாலும் அவை குறையப்போவதில்லை.

கல்ச்சர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். விந்து வெளியே வரும் வழி, சிறுநீர் வரும் அதே வழி. அந்தப் பாதையின் நுனியில், முன்தோலுக்கு அடியில், நம் கைகளில் எல்லாம் கிருமிகள் சாதாரணமாகக் குடியிருக்கும். ஆஸ்பத்திரி பாத்ரூமில், வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்க, பதற்றத்தோடு பிடித்துக் கொடுக்கும் மாதிரியில் அவை ஒட்டிக்கொண்டு வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு மூன்று வகைக் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து கலந்தது. ஒரே கிருமி, அதுவும் அதிக எண்ணிக்கையில், உரிய வெள்ளை அணுக்களோடு வந்தால்தான் பேச்சே. உங்களுக்கு வந்தது ஈ.கோலி என்பதால் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். ஆண்களின் சிறுநீர்ப்பாதையிலும், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியிலும் உண்மையாகவே தொற்றை உண்டாக்கும் கிருமி அது. ஆனால் எத்தனை காலனி (கிருமிக் கூட்டம்) வளர்ந்தது என்று அந்தக் காகிதத்தில் இருக்கிறதா பாருங்கள். சும்மா ‘ஈ.கோலி வளர்ந்தது’ என்று மட்டும் இருந்தால் அது பாதித் தகவல்.

புரோஸ்டேட்டில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க 1968-இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரண்டு மருத்துவர்கள் நான்கு குப்பி முறை ஒன்றைச் சொன்னார்கள். சிறுநீரை முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்று தனித்தனியாகப் பிடித்து, புரோஸ்டேட்டை விரலால் அழுத்தி வரும் திரவத்தையும் அதன் பிறகு வரும் சிறுநீரையும் வேறாகப் பிடித்து, நான்கையும் ஒப்பிட வேண்டும். இப்போது அழுத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு குப்பியோடு முடித்துக்கொள்கிறார்கள். பின்னால் பிடித்ததில் கிருமி பல மடங்கு கூடியிருந்தால் புரோஸ்டேட்டில் கிருமி இருக்கிறது என்று சொல்லலாம். வெறும் விந்துக் கல்ச்சரை விட இது எவ்வளவோ மேல்.

சரி, கிருமியால் ஆணின் குழந்தை பெறும் திறன் கெடவே கெடாதா? கெடும். நன்றாகவே கெடும். ஆனால் பயப்பட வேண்டிய கிருமிகள் வேறு, பயப்பட வேண்டிய இடமும் வேறு.

விந்தணு விந்தகத்தில் உருவாகி, அதன் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாய்க்கு வருகிறது. நீந்தும் பக்குவத்தை அது பெறுவது அங்கேதான். விரல் நீளம்கூட இல்லாத அந்த உறுப்பைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர். அத்தனை நீளமும் ஒற்றைக் குழாய், நூலைவிட மெல்லியது. மாற்றுவழி கிடையாது. அதில் ஓர் இடத்தில் புண்ணாகித் தழும்பு விழுந்தால் அந்தப் பக்கத்து விந்தகத்தின் மொத்த உற்பத்தியும் அங்கேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் அப்படி ஆனால் விந்து வரும், விந்தணு வராது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வெளியேறும் திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பையும் புரோஸ்டேட்டும் சுரப்பது. விந்தணுவின் பங்கு அதில் மிகச் சொற்பம். எங்கள் கூடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே சார் வருது, எப்படி ஜீரோ ஆகும்?” என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

இந்த அடைப்பைச் செய்வதில் பழைய கை, உடலுறவில் பரவும் வெட்டை நோய். கோனோரியா என்ற அதன் பெயரே ஒரு தவறான புரிதலில் பிறந்தது. குறியிலிருந்து வழியும் சீழை விந்து ஒழுகுவதாக நினைத்துப் பழைய கிரேக்க மருத்துவர்கள் வைத்த பெயர் அது. கிருமியை ஆல்பர்ட் நைஸர் 1879-இல் கண்டுபிடித்தார். நம் ஊரிலும் அதே குழப்பம் ‘தாது போகிறது’ என்ற பேச்சாக இன்றும் இருக்கிறது. சிறுநீரோடு வெள்ளையாக ஏதோ போகிறது, உடம்பு இளைக்கிறது, ஆண்மை கரைகிறது என்று உருகிப்போகும் இளைஞர்களின் மனநிலைக்கு 1960-இல் பேராசிரியர் விக் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்தார். அவர்களில் பலருக்குக் கிருமியும் இருக்காது, விந்தணுவிலும் குறை இருக்காது. பஸ் ஸ்டாண்டு சுவர் விளம்பரங்களும், மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களும் அந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள்.

உண்மையான வெட்டை வேறு. தொடர்பு நடந்த சில நாட்களிலேயே எரிச்சல், மஞ்சளாகச் சீழ், உள்ளாடையில் கறை என்று பெரும்பாலான ஆண்களுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டுவிடும். அப்போதே சரியான மருந்து எடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. வெட்கப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்கிப் போட்டுக்கொண்டு தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. பென்சிலினையும் சிப்ரோஃப்ளாக்ஸசினையும் இந்தக் கிருமி எப்போதோ தாண்டிவிட்டது. எரிச்சல் குறைந்த மாதிரி இருக்கும். கிருமி மேலே ஏறி எபிடிடிமிஸில் உட்காரும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சுகவாழ்வு மையங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. இலவசம், ரகசியம் காப்பார்கள், மனைவிக்கும் சேர்த்து மருந்து தருவார்கள். அந்தக் கதவுக்குள் நுழைய வெட்கப்பட்டுப் பல வருடம் கழித்து எங்கள் கூடத்தின் கதவுக்கு வந்தவர்களை நினைத்தால் சங்கடமாக இருக்கும்.

உடலுறவில் பரவும் இன்னொரு கிருமியான கிளமிடியா இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் சத்தமே போடாது. ஆண்களில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ அறிகுறி எதுவும் இருக்காது. 35 வயதுக்குக் கீழே விதைப்பை வீங்கி வலித்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது கிளமிடியாவையும் வெட்டையையும்தான். அதற்கு மேல் வயதென்றால் ஈ.கோலி போன்ற குடல் கிருமிகளை. சாதாரணக் கல்ச்சரில் கிளமிடியா வளராது. முதலில் வரும் சிறுநீரைப் பிடித்து மரபணுப் பரிசோதனை செய்தால்தான் பிடிபடும். உங்கள் கல்ச்சரில் அது வரவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

இதில் எல்லோரும் கோட்டைவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கிளமிடியா ஆணின் விந்தணுவை எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பெண்ணின் கருக்குழாயை அது அடைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதாவது, கணவனிடம் சத்தமில்லாமல் இருந்த தொற்று மனைவியின் கருக்குழாயில் போய்த் தழும்பாகலாம். கணவனின் ரிப்போர்ட் பளிச்சென்று இருக்கும். பழி மனைவிமேல் விழும். கிருமி ஆண்வழியாகக் குழந்தைப்பேற்றைத் தடுக்கும் வழிகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது காசநோய். உலகத்தின் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. நுரையீரலில் இருக்கும் கிருமி ரத்தத்தின் வழியாக எபிடிடிமிஸுக்கோ, சிறுநீரகம் வழியாகப் புரோஸ்டேட்டுக்கோ போய் உட்காரும். வலி பெரிதாக இருக்காது. விதைக்குப் பின்னால் கெட்டியாக ஒரு கட்டி. தொட்டுப் பார்த்தால், எபிடிடிமிஸிலிருந்து விந்தணுவைக் கொண்டுபோகும் விந்துநாளம் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். சிலருக்கு விதைப்பைத் தோலில் ஓட்டை விழுந்து நீர் கசியும். சிறுநீரில் வெள்ளை அணு ஏராளமாக இருக்கும், ஆனால் சாதாரணக் கல்ச்சரில் ஒன்றும் வளராது. இப்படி ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அனுபவமுள்ள டாக்டர் உடனே டிபி என்று நினைப்பார். வேறு சிலருக்கு விந்தின் அளவே அரை மில்லிலிட்டராகச் சுருங்கிவிடும்; விந்துப்பையிலிருந்து வரும் வழி அடைபட்டுவிட்டதன் அடையாளம் அது.

மருந்து அரசிடம் இலவசம், ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி போய்விடும். ஆனால் கிருமி போன இடத்தில் தழும்பு மிஞ்சும், மெல்லிய குழாயை மூடுவது பெரும்பாலும் அதுதான். நோய் குணமான பிறகும் விந்தணு வராமல் போகிறவர்கள் இதனால்தான். அதற்காகக் குழந்தை பெறும் வழியே அடைபட்டுப்போகவில்லை. விந்தகம் நன்றாக இருந்தால் ஊசி போட்டு விந்தணுவை நேரே எடுத்து, ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை இருக்கிறது. அதில் முதல் கர்ப்பங்கள் பற்றிய அறிக்கை 1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

தொழுநோயை இந்த வரிசையில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும், அதனால்தான் காது மடலும் மூக்கும் பாதிக்கப்படுகின்றன. விந்தகமும் உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும் இடம். கிருமி அதிகமாகப் பரவும் வகைத் தொழுநோயில் விந்தகம் சுருங்கி, விந்தணு நின்று, சிலருக்கு மார்பும் பெருத்துவிடும். இது குழாய் அடைப்பு இல்லை, ஆலையே எரிந்துபோவது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்த பிறகு இப்படிப்பட்டவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். ஆடு மாடுகளோடு வேலை செய்கிறவர்களுக்கும் காய்ச்சாத பாலைக் குடிக்கிறவர்களுக்கும் புரூசெல்லா என்ற கிருமியால் விட்டுவிட்டுக் காய்ச்சலும் விதை வீக்கமும் வரும். பொன்னுக்கு வீங்கி வந்த பையனுக்கு விதை வீங்குவதும் உண்டு. ஆனால் அது வைரஸ், ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

இனி உங்கள் ஈ.கோலிக்கு வருவோம். சோதனைத் தட்டில் இந்தக் கிருமியையும் விந்தணுவையும் ஒன்றாக விட்டால் கிருமி தன் மெல்லிய இழைகளால் விந்தணுக்களைப் பற்றிக்கொள்ளும். விந்தணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு ஓட்டம் குறையும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஏராளமான கிருமிகளை விட வேண்டும். வெள்ளை அணுக்களும் தம் பங்குக்கு ஆக்ஸிஜன் சார்ந்த நச்சுகளை உமிழும். விந்தணுவின் மேல்சவ்வில் அந்த நச்சு எளிதில் தாக்கும் கொழுப்பு அதிகம். பழுதுபார்க்கும் வசதியோ மிகக் குறைவு. அதனால் ஓட்டமும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வும் அடிபடலாம். அதே சமயம் விந்துத் திரவமே அந்த நச்சை முறிக்கும் பொருட்களைச் சுமந்து வருகிறது. ஆகவே தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்தே தீரும் என்பதில்லை. இந்தத் தொற்றுக்கு மருந்து கொடுத்தால் ரிப்போர்ட்டில் எண்கள் மேம்படலாம், ஆனால் அதனால் கர்ப்பம் தரிப்பது கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டியும் சொல்வது.

உங்கள் மற்ற எண்களைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கவுன்ட்டின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. உங்களுக்கு 2.2 கோடி. அசைவின் கீழ் எல்லை 42%; உங்களுக்கு 36%. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதுவும் ஒரே ஒரு மாதிரி. ஒரே ஆளுக்கு இந்த மாதமும் அடுத்த மாதமும் எண்கள் கணிசமாக மாறுவதை நான் தினமும் பார்க்கிறேன். பரிசோதனைக்கு முந்தைய மூன்று மாதத்தில் டைஃபாய்டோ டெங்குவோ வேறு பெரிய காய்ச்சலோ வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறக்குறைய 74 நாள், அப்புறம் எபிடிடிமிஸைக் கடக்கச் சில நாள். காய்ச்சலின் சூட்டில் அடிபட்ட விந்தணுக்கள் ரிப்போர்ட்டில் தலைகாட்டுவது பல வாரம் கழித்துத்தான். மருந்து முடிந்த மூன்றாம் வாரத்தில் திரும்பப் பரிசோதித்து “அசைவு ஏறவில்லையே” என்று வருந்துவதும் இதனால்தான் அர்த்தமில்லாதது. நீங்கள் பார்த்தது மருந்துக்கு முன்பே உருவாகத் தொடங்கிய விந்தணுக்களை.

இரண்டாவது மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதியவரிடம் போய்ச் சில விஷயங்களைக் கேளுங்கள். பெராக்ஸிடேஸ் பரிசோதனை செய்யலாமா, கிளமிடியாவுக்கும் வெட்டைக்கும் சிறுநீரில் மரபணுப் பரிசோதனை வேண்டுமா, சர்க்கரை பார்க்கலாமா என்று. எரிச்சல், அடிவயிற்று வலி, விந்து வெளியேறும்போது வலி என்று ஏதாவது இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்படி இருந்து, புரோஸ்டேட்டில் கிருமி இருப்பதும் உறுதியானால், எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து நான்கு முதல் ஆறு வாரம் கொடுப்பது முறையான சிகிச்சை. அறிகுறியே இல்லாமல், பஸ் செல் எண்ணை மட்டும் துரத்திக்கொண்டு மாத்திரை மாற்றி மாற்றிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் குதிகால் நாண் போன்ற, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கையோடுதான் வருகின்றன. வீணாகச் சாப்பிட அவை மிட்டாய் இல்லை.

இன்னொன்று கேட்கிறேன், இதுவரை எந்த டாக்டராவது உங்கள் விதைப்பையைக் கையால் தொட்டுப் பரிசோதித்தாரா? காகிதத்தை மட்டும் பார்த்து மாத்திரை எழுதியிருந்தால், எபிடிடிமிஸ் கெட்டியாக இருக்கிறதா, விந்துநாளத்தில் முடிச்சு இருக்கிறதா, விதைப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்பது எதுவும் தெரிந்திருக்காது. அந்த ரத்தக் குழாய்ப் புடைப்பான வேரிகோசீல், குழந்தையில்லாத ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. அசைவு குறைவதற்குக் கிருமியைவிட அதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டு நிமிடப் பரிசோதனை, செலவு இல்லை.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது திடீரென்று ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி வந்தால் இந்தப் பதிலையெல்லாம் மறந்துவிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொற்று என்று நினைத்து மாத்திரை போட்டுக் காத்திருக்கும் நேரத்தில், உள்ளே விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால்தான் பெரும்பாலும் அதைக் காப்பாற்ற முடியும்.

அடுத்த பரிசோதனையை மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக விந்து வெளியேறியதற்கும் பரிசோதனைக்கும் நடுவே இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி இருக்கட்டும். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, கையையும் குறியையும் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக அலசி, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு லேப் கொடுத்த டப்பாவில் நேரே பிடியுங்கள். முதல் துளி சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், விந்தணு அதிகமாக இருப்பது அதில்தான். அந்த மூன்று மாதத்தைச் சும்மா விடாமல் உங்கள் மனைவியும் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றாலே இருவரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வழக்கம். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வருடம் ஆகிவிட்டது.